டில்லிக்குக் கோபித்துக்கொண்டு போன செல்லியம்மாள்

எங்கள் பக்கத்தில் தேசத்துக்காகப் பாடுபட்டவர்கள் யார் என்று கேட்டால் எல்லோரும் முதலில் தங்கசாமிக் கவுண்டரைச் சொல்வார்கள். அவரைக் கேட்டாலும் அவரைத்தான் சொல்வார். அவருடைய தம்பி மனைவி செல்லியம்மாளைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதுவுங்கூட ஒருக்கா ஜெயிலுக்குப் போச்சு" என்பார், ஏதோ ஏற்காட்டுக்குப் போய்க் காற்று வாங்கி வந்த மாதிரி. கல்கத்தாவிலும் கராச்சியிலும் மேடையேறிய பெண் தலைவர்களுக்குக் கைதட்டிவிட்டு ஊர் திரும்பிய எனக்கு அந்த "அதுவுங்கூட" தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக இருந்தது. விசாரித்தேன்.

செல்லியம்மாள் சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவர் சின்னண்ணன் நல்லவர். அதாவது, அண்ணன் பேச்சுக்கு எதிராக அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. தங்கசாமி காங்கிரஸ் கமிட்டித் தலைவர். அவர் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவார். செல்லியம்மாள் அதைப் படிப்பாள். இன்று கமிட்டிக் கூட்டத்தில் அவர் முழங்குவது, நேற்று அவருக்கு மோர் ஊற்றும்போது அவள் சொன்னதாக இருக்கும். இந்த ஏற்பாடு பல வருஷம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

யுத்தம் வந்தது. இந்த யுத்தத்துக்கு ஆள் கொடுப்பதும் பணம் கொடுப்பதும் தவறு என்று ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிக் கைதாக வேண்டும் என்று வார்தா ஆசிரமத்திலிருந்து உத்தரவு. எங்கள் தாலுகா ஆண்கள் கைதான அழகே தனி. நாள் குறித்து, சப்-இன்ஸ்பெக்டருக்குச் சொல்லியனுப்பி, சேலத்திலிருந்து போட்டோக்காரரை வரவழைத்து, பில்டர் காப்பி குடித்து முடித்த பிறகு கைதானார்கள். தங்கசாமி மெத்தை, தலையணை, ஒரு டப்பா ஹார்லிக்ஸ் சகிதம் காரில் போனார். வயிற்று வலி என்று சொல்லிச் சீக்கிரமே வெளியே வந்தபோது இடுப்புச் சுற்றளவு கூடியிருந்தது.

அந்தச் சமயத்தில் மேலிடம் ஒரு கேள்வி கேட்டது. கைதாக அனுமதி கேட்டு நீங்கள் அனுப்பிய பட்டியலில் பெண்ணே இல்லையா? கமிட்டி கூடி யோசித்தது. தங்கசாமி சொன்னார்: "நம்ம செல்லி பேரெ எழுதிப் போடுங்க. பேருதான கேக்கறாங்க, ஆளயா கேக்கறாங்க?" அனுமதி வந்ததும், உடம்பு சரியில்லை என்று பதில் எழுதிவிடுவதாக ஏற்பாடு. ஆனால் அனுமதி வந்த செய்தியையும் வீட்டில் முதலில் படித்தவள் அவள்தான். தங்கசாமி குளித்துவிட்டு வருவதற்குள் கதர்ச் சேலை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள்.

வெற்றிலைக் கடைகளுக்கு நடுவில் நின்று, யுத்தத்துக்கு ஆளும் பணமும் கொடுப்பது தவறு என்ற அந்த வாசகத்தைச் சொன்னாள். பக்கத்தில் கூடை வைத்திருந்த கிழவி, "என்ன ஆத்தா விக்கிறே, ஒண்ணும் புரியிலயே" என்றாள். சப்-இன்ஸ்பெக்டர் அந்த வழியாக வந்தார். அவருக்குப் பெரிய சங்கடம். ஸ்டேஷனில் பெண்களை அடைக்க இடமில்லை. காவலுக்கு ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும். அவளுக்குப் பஸ் சார்ஜ் வாங்க மேலே எழுத வேண்டும்.

"வெய்யல்ல நிக்காதீங்க அம்மிணி" என்றார். "ஊட்டுக்குப் போங்க. மயக்கங் கியக்கம் வந்துரும்."

"நான் சொன்னது குத்தமுங்களா, இல்லீங்களா?"

"குத்தந்தான். ஆனா அதை நீங்க சொன்னாப்ல எடுத்துக்க முடியாதுங்க."

அந்த வாரத்திலிருந்து அவளுக்கு ஒரே வேலை. தான் சொன்னது வெயில் மயக்கத்துப் பேச்சு அல்ல, தானே சொன்ன அரசியல் என்று சர்க்கார் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குச் சிறையைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. அடுத்த சந்தையில் சொன்னாள். போலீஸ்காரர் எதிர்த் திசையில் நடந்தார். அதற்கடுத்த சந்தையில் சொன்னாள், அவர் வரவேயில்லை.

கைது செய்யாமல் விடப்பட்டவர்கள் டில்லியை நோக்கி நடக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. எங்கள் ஆண்கள் யாருக்கும் அது தெரியாது. காப்பி ஆறுவதற்குள் கைதானவர்களுக்கு அது எதற்கு? செல்லியம்மாள் மாற்றுச் சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தாள். "போய்க் கூட்டியா" என்று தங்கசாமி தம்பியை விரட்டினார். சின்னண்ணன் மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனார்.

"ஏறு புள்ள. வெய்ய ஏறுது."

"நடந்துதான் போவோணுங்க. அதான் சட்டம்."

"எங்கண்ணன் காருலதான போனாரு?"

"அவரு ஜெயிலுக்குப் போனாரு. நான் போறது டில்லிக்குங்க."

எங்கள் சீமையில் பெண்டாட்டி முன்னால் நடக்க, புருஷன் வண்டியோடு பின்னால் கெஞ்சிக்கொண்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அவள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள். அதைத் தடுத்துச் சமாதானம் செய்து அனுப்புவது வழியில் உள்ள ஊரின் கடமை. தாரமங்கலம் தாண்டிய முதல் ஊரிலேயே நிறுத்திவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் கருப்பண்ணன் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார். ஊரே கூடிவிட்டது.

"அடிச்சுப்போட்டானா சாமி?"

"இல்லீங்க."

"குடிக்கிறானா?"

வண்டியிலிருந்து சின்னண்ணன், "மோரே அரை டம்ளருக்கு மேல குடிக்கறதில்லீங்க" என்றார்.

"பொறந்த ஊடு எங்காயா?"

"காளிப்பட்டிங்க. ஆனா நான் அங்க போகுலீங்க. டில்லிக்குப் போறனுங்க."

"டில்லியில ஆரு இருக்கறா?"

"வைசிராயிங்க."

"அவன் உனக்கு என்ன மொறை ஆகோணும்?"

"ஒரு மொறையும் இல்லாதவனுங்க. மொறையில்லாம நம்ம ஊட்டுக்குள்ள பூந்துக்கிட்டு, அவன் சண்டைக்கு நம்ம பசங்களக் கேக்கறான். குடுக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் போறேன்."

கூட்டத்தில் யாரும் எழுந்து போகவில்லை. காங்கிரஸ் கூட்டம் என்று தண்டோராப் போட்டால் எங்கள் பக்கத்தில் வருகிறவர்களை ஒரு கட்டிலில் உட்கார வைத்துவிடலாம். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு ஓடி வருவார்கள். இதைப் புரிந்துகொள்ள செல்லியம்மாளுக்கு ஓர் ஊர் போதுமாயிருந்தது. அடுத்தடுத்த ஊர்களில் அவளே மரத்தடியாகப் பார்த்து உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கூட்டம் தானாகச் சேர்ந்தது. சின்னண்ணன் பிரதிவாதியாக வண்டியில் இருந்தார். போகப் போக அவருக்கும் பழகிவிட்டது. "நல்லாக் கேளுங்க, அவ சொல்றதும் ஒரு நாயந்தான்" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொல்வாராம்.

ஓமலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்ட் லாரியோடு வந்திருந்தார். செல்லியம்மாள் பேசி முடித்ததும் பொன்னாயி என்ற ஒருத்தி லாரியில் ஏறி, தன் மகனைச் சட்டையோடு பிடித்து இறக்கினாள். அவளைப் பார்த்து இன்னும் சில தாய்மார் ஏறினார்கள். லாரி காலியாகத் திரும்பியது. அன்று மாலைக்குள் சர்க்காருக்குக் காவலுக்கு ஒரு பெண்ணும் கிடைத்தாள், அவளுக்குப் பஸ் சார்ஜும் கிடைத்தது. செல்லியம்மாள் கைதானாள்.

எந்தக் கோர்ட் என்று சொல்லப் போவதில்லை. அந்த மாஜிஸ்திரேட்டுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கதர்ச் சேலை கட்டிய பெண். கடைசி வரிசையில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு புருஷன். வாசலில் காரிலிருந்து இறங்கும் புருஷனின் அண்ணன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இது குடும்பத் தகராறு. புருஷன் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால் கூட்டிப் போகலாம்."

தங்கசாமி தம்பியை முதுகில் தள்ளினார். "போய்க் கையெழுத்தப் போடு. மானம் போவுது."

செல்லியம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கையெழுத்து. அது விழுந்தால், சந்தையிலிருந்து அந்த லாரி வரைக்கும் அவள் சொன்ன அத்தனையும் புருஷனோடு போட்ட சண்டையாகிவிடும்.

சின்னண்ணன் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "எசமான், பொய்யி எழுதிக் குடுக்க முடியாதுங்க" என்றார். "எங்களுக்குள்ள தகராறே இல்லீங்க. அவ சண்ட வெள்ளக்காரங்கிட்டத்தான். அதுக்கு நான் எப்பிடிங்க ஜாமீன் நிக்கறது?"

அண்ணன் எதிரில் அவர் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அது. தங்கசாமி உட்கார இடம் தேடினார்.

வேறு வழியில்லை. மாஜிஸ்திரேட் சட்டப் பிரிவைச் சொன்னார். குற்றம் ருசுவானது என்றார். பிறகு பெருந்தன்மையோடு குரலைத் தணித்து, பெண் என்பதால் இரண்டு மாதம் என்றார்.

"ஏனுங்க," என்றாள் செல்லியம்மாள், "இதையே சொன்ன ஆம்பளைகளுக்கு எத்தன மாசமுங்க குடுத்தீங்க?"

"ஆறு."

"அப்ப நான் சொன்னதுல எந்த வார்த்தையுங்க கொறஞ்சுது?"

மாஜிஸ்திரேட் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா வாசகத்தை மறுபடி படித்துப் பார்த்தார். ஒரு வார்த்தையும் குறையவில்லை. இரண்டு என்று எழுதியதை அடித்துவிட்டு மாஜிஸ்திரேட் ஆறு என்று எழுதினார். செல்லியம்மாள் எட்டிப் பார்த்து, அடித்தது சரியாக அடிபட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கும்பிட்டாள்.