இட்லித்தட்டில் அடுக்கிய நட்சத்திரம்

போன வாரம் காரைக்காலில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் போனைத் திறந்தவர் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, ஒரு வெள்ளைத் தாளில், போனில் அது இருந்த இடத்துக்கு நேராகவே வைத்துக்கொண்டு வந்தார். மேலே இருந்தது மேலே, ஓரத்தில் இருந்தது ஓரத்தில். எல்லாம் கடுகைவிடச் சிறிசு. "ஃபேன் போடலீங்களா?" என்று கேட்டேன். "போட்டா எல்லாம் பறந்துடும்க்கா," என்றார், தலையைத் தூக்காமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபேனை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க வேலை பார்த்த ஒரு கோடை எனக்கும் உண்டு.

அப்போது நான் குரும்பகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து ஜெயம் அக்காவின் தையற்கடையில் வேலை பார்த்தேன். கூட வள்ளி. என் வயதுதான், அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அவளுக்கு வாயும் ஓயாது, மிஷினும் ஓயாது. எனக்கு இரண்டுமே மெதுவு. நான் ஒரு ரவிக்கைக்குக் கழுத்து வளைப்பதற்குள் அவள் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்து, இரண்டு ரவிக்கைக்கு ஹூக்கும் வைத்திருப்பாள்.

ஒருநாள் ரோசாலி மதாம் ஒரு பெரிய பை நிறையப் புடவைகளோடு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மனைவி. கணவர் போன பிறகு ஊரோடு வந்து தனியாக இருந்தார். பையைத் திறந்ததும் நாப்தலீன் உருண்டை வாசனை கடை முழுக்கப் பரவியது. இன்றைக்கும் அந்த வாசனைக்கு எனக்கு மதாமின் முகம்தான் தோன்றும். புடவைகள் அவருடையவை அல்ல. முந்தின வருஷம் இறந்துபோன தங்கையுடையவை. அந்தத் தங்கையின் மகள் பிரான்சில் முழுகாமல் இருந்தாள்.

"அவ அம்மா பொடவையெல்லாம் சேத்து ஒரு போர்வை தச்சுக் குடுங்க. பொறக்கப்போற புள்ள அதுல படுக்கட்டும்," என்றார். ஒரு பத்திரிகைப் படத்தைக் காட்டினார். எட்டுக் கை வைத்த நட்சத்திரம். ஒவ்வொரு கையும் டைமன் வடிவத்தில் வெட்டிய குட்டிக் குட்டித் துண்டுகளால் ஆனது. நடுவில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நிறம் வளையம் வளையமாக வெளியே விரிந்துகொண்டே போகும்.

ஜெயம் அக்கா படத்தைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு எங்களிடம் தள்ளினார். "உங்க ரெண்டு பேருக்குத்தான் கண்ணு நல்லாருக்கு."

வெட்டுவது சுலபமாக முடிந்தது. வெட்டியதை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை. முதல்நாள் தரையில் படத்தைப் போலவே பரப்பினோம். மத்தியானம் கடல்காற்று ஒரு சுற்று வந்துபோனது. நட்சத்திரம் மிஷின்களுக்கு அடியில் கிடந்தது. அப்புறம் துண்டுக்குத் துண்டு சீட்டு எழுதி ஊக்கு குத்தினோம். ஊக்கு பட்ட இடத்தில், வாயில் என்கிற மெல்லிய துணிப் புடவை கிழிந்தது. இலைப்பச்சையும் கிளிப்பச்சையும் டியூப்லைட்டில் ஒன்றாகவே தெரிந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி, வெயிலில் பிடித்துப் பார்த்துத் திரும்பி வருவோம். எதிர்க்கடைக்காரர் நாங்கள் ஏதோ கள்ளநோட்டைச் சோதிக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் வள்ளி ஒரு பழைய இட்லித்தட்டு அடுக்கைக் கொண்டு வந்து வைத்தாள்.

"வீட்ல இட்லிக்கு என்னடி பண்ணுவாங்க?"

"ஒரு மாசம் தோச திங்கட்டும்."

குழிக்கு ஒரு நிறம். தட்டுக்கு மேல் தட்டை அடுக்கினால் காற்று உள்ளே போகாது. என் பங்குக்கு நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு வரிசைக்கு வேண்டிய துண்டுகளை, பூக்கோப்பதுபோல, வரிசை மாறாமல் ஊசியால் ஒரே நூலில் கோத்துவிடுவது. கடைசித் துண்டுக்கு அடியில் சிவப்பு நூலால் முடிச்சு. தைக்கும்போது மேலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டால் போதும், யோசிக்கவே வேண்டாம். இதை நினைத்து எனக்குக் கொஞ்ச நாள் தலைகால் புரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு கை முடிந்தது. எட்டாவதற்கு உட்கார்ந்தபோது ஒரு குழி காலி. நட்சத்திரத்தின் நட்ட நடுவில் வரவேண்டிய சிவப்புத் துண்டு. மதாமின் தங்கைக்கு நிச்சயதார்த்தத்தில் கொடுத்த புடவை அது. பூச்சி அரித்தது போக எட்டுத் துண்டுக்குத்தான் தேறியிருந்தது. மறுபடி வெட்ட ஒரு விரல்கடை துணி இல்லை. மதாம் பிரான்சுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

மிஷின் டிராயர், குப்பைக்கூடை, ஜெயம் அக்காவின் சாப்பாட்டுக் கூடை, எல்லாவற்றையும் கொட்டினோம். முந்தின நாள் ரவிக்கை வாங்கிப்போன அம்பகரத்தூர் அம்மாவின் பையில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று வள்ளிக்குத் தோன்ற, நான் பஸ் ஏறினேன். அந்த அம்மா வாசலிலேயே பயந்துவிட்டார். "என்னம்மா, துணி மாறிப்போச்சா?" ரவிக்கைகளை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தோம். இல்லை. நீர்மோர் கொடுத்தார், வந்ததோடு வந்தாய், இந்த ஹூக்கைச் சரிபண்ணிவிட்டுப் போ என்றார். பண்ணிவிட்டு வந்தேன்.

வேறு வழியில்லாமல் இருவரும் மதாம் வீட்டுக்கு நடந்தோம். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தோம். வள்ளி வாயடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் நான்தான் சொன்னேன்: "நடுவுல வர்ற செவப்புத் துண்டு ஒண்ணக் காணலங்க."

மதாம் எழுந்துபோய்க் கைப்பையை எடுத்து வந்து திறந்தார். உள்ளே, கைக்குட்டை மடிப்பில், எங்கள் டைமன்.

"பர்தோன், மன்னிச்சுக்குங்க புள்ளைங்களா. அன்னிக்குப் பாக்க வந்தேன்ல, நீங்க எனக்குக் காப்பி வாங்கப் போனீங்க. தட்டுல அவ்ளோ துண்டு கெடந்துது. ஒண்ணு எடுத்தா என்ன ஆயிடப்போவுதுன்னு நெனச்சேன். எல்லாத்தையும் வெட்டக் குடுத்துட்டேன். எனக்குன்னு ஒண்ணும் வச்சுக்கல," என்றார்.

துண்டை நீட்டினார். வள்ளி வாங்கவில்லை.

"நீங்களே வச்சுக்குங்க மதாம். நீங்க கட்டியிருக்கிற பொடவையில ஒரு துண்டு குடுங்க, போதும்."

மதாம் கட்டியிருந்தது வெளிர்நீல வாயில் புடவை. "நடுவுல நீலம் வச்சா தப்பாத் தெரியும்டி," என்றேன் அவள் காதில்.

"தப்பாத்தான் தெரியும். தெரியட்டுமே."

மதாம் கத்தரியை எங்களிடம் தரவில்லை. உள்முந்தியைத் தேடிப் பிடித்துத் தானே வெட்டினார். அது கோணல்மாணலாக வந்தது. நான் கடைக்குப் போய் டைமனாகத் திருத்தினேன்.

பிரான்சிலிருந்து திரும்பியதும் நேரே கடைக்குத்தான் வந்தார். போர்வையை விரித்ததும் தங்கை மகள் ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக்கொண்டே போனாளாம். நீலத்துக்கு வந்ததும் விரல் நின்றதாம். "இது அம்மாவோடது இல்லியே?"

"ஆமா, என்னோடதுன்னேன்," என்றார் மதாம். "புள்ளையத் தூக்கியாந்து அதும் மேலயே தலை வர்ற மாதிரி படுக்க வச்சா."

ஜெயம் அக்கா திரும்பிக்கொண்டு நூல்கண்டுகளை அடுக்க ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

மதாம் காலமாகிப் பல வருஷமாயிற்று. அவர் வீடு இருந்த இடத்தில் இன்று கீழே கார் நிறுத்தும் அடுக்குமாடி. ஜெயம் அக்கா மகனோடு வெளியூருக்குப் போய்விட்டார். கடையை இடித்து இரண்டு பக்கத்துக் கடைகளோடு சேர்த்துவிட்டார்கள். வள்ளி கல்யாணமாகிப் போன ஊரிலிருந்து கொஞ்ச காலம் பேசினாள். பிறகு நம்பர் மாறிவிட்டது. நான் இப்போது வீட்டிலேயே தைக்கிறேன். தைத்துக்கொண்டே, "பாபின் எங்க?" என்று வாய்விட்டுக் கேட்கிறேன். அந்தக் கடையில் ஒருத்தி கேட்டால், மற்ற இருவரும் மிஷினை நிறுத்தாமல், ஒரே குரலில், அது இருக்கும் இடத்தைச் சொல்வோம். இங்கே ஹாலிலிருந்து, "நீதானே வச்ச?" என்று என் வீட்டுக்காரரின் பதில் வருகிறது.