இடது பெட்டி

துபாயில் ஜெனரேட்டர் அறை வேலையை விட்டுவிட்டுக் காரைக்காலுக்கே திரும்பிவிட்ட மதார் சாகிப், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வைத்த ஸ்டீரியோ ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். கேசட்டைப் போட்டதுமே அவர் முகம் சுருங்கியது.

"இடது பெட்டி செத்துக் கெடக்கு. கடைக்காரன் ஏமாத்திப்புட்டான்!"

இரண்டு பெட்டிக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பேலன்ஸ் குமிழை இடப்பக்கமாகவே திருகி வைத்தார். அவர் மனைவி கமர் நிஷாவுக்கோ இரண்டும் நன்றாகத்தான் கேட்டன. அவர் தொழப் போன நேரத்தில் பெட்டிகளை இடம் மாற்றி வைத்தாள். திரும்பி வந்தவர் மறுபடியும் இடது பெட்டியைத்தான் வைதார். அவளுக்குச் சுருக்கென்றது. கெட்டது பெட்டியல்ல, அவருடைய இடது காது. வந்த நாளிலிருந்து இடப்பக்கம் உட்கார்ந்து அவள் பேசியதற்கெல்லாம் பதில் வராமல் போனது, மனசு மாறியதால் அல்ல.

மறுநாள் சோறு போட்டுவிட்டு அவருக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் புள்ள இடம் மாறி உக்கார்றே?"

"அந்தப் பக்கம் வெயில் அடிக்குது மச்சான்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மதார் சாகிப் சன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கையை எட்டி, பேலன்ஸ் குமிழை நடுவில் கொண்டுவந்து வைத்தார்.