கட்டிப்போட்டு ஓட்டிப் பார்ப்பது

ரொக்கெட் மேலே போவதைவிட, போவதற்கு முன் அதைச் சோதிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். இயந்திரத்தை ஒரு மேடையில் அசையாதபடி பிணைத்துவிட்டு முழு மூச்சாக எரிய விடுவார்கள். நெருப்பும் புகையும் சத்தமுமாக எல்லாம் நடக்கும். ஆனால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த விருப்பம் எனக்கு மன்னார்ப் பக்கத்துப் பாப்பாமோட்டையில் ஒரு தண்ணீர்ப் பம்பிலிருந்து வந்தது.

அது சண்டைக் காலம். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக விஞ்ஞானமும் கணக்கும் படிப்பித்தேன். என் கணவர் வயல்காரர்களின் பம்புகளைத் திருத்துபவர். அவருடைய குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குத் தப்பி எங்கள் பக்கம் வந்து குடியேறியது. எங்கள் கலியாணத்தில் என் வீட்டாருக்கு விருப்பமில்லை. அவர் அதைப்பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கலியாணத்துக்கு முன் என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டவர், பிறகும் அப்படியே கூப்பிட்டார்.

அந்த நாட்களில் பெற்றோலையும் பற்றரியையும் எங்கள் பக்கம் கொண்டுவர இராணுவம் விடாது. பம்புகள் மண்ணெண்ணெயில் ஓடி அடிக்கடி பழுதாகின. திருத்தி முடித்த பம்பை முற்றத்தில் கிடந்த பனங்குற்றியோடு கயிற்றால் இறுக்கிக் கட்டி, அரை மணித்தியாலம் ஓட விட்டு, பக்கத்தில் குந்தியிருந்து காது கொடுத்துக் கேட்பார். வயல்காரர் வந்து அவசரப்படுத்தினாலும் அவிழ்க்க மாட்டார்.

“ஓடுதுதானே தம்பி, தாவன்” என்பார்கள்.

“இங்க நின்னா நான் பாத்துக்குவேன். வயல்ல போய் நின்னா நீங்க யாரைக் கேப்பீங்க?” என்பார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வானத்துப் பைத்தியம். கடைச் சாமானுக்குச் சரை சுற்றி வரும் பழைய பத்திரிகைத் துண்டுகளில் செய்மதி, விண்ணோடம் என்று எது கண்டாலும் வெட்டி ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒட்டுவேன். வானொலியில் கேட்டதைப் பக்கத்தில் எழுதி, படமும் கீறுவேன். வானொலிக்கு மின்சாரம் என் கணவரின் கால்கள்தான். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்தி, அவர் மிதிப்பார். கடலுக்கு அந்தப் பக்கத்து இந்திய நிலையங்கள் எங்களுக்குத் துலக்கமாகக் கேட்கும்.

இந்தியா நாலு கட்டம் கொண்ட ஒரு புதிய ரொக்கெட்டை முதன்முதலாக விட்ட நாளும் அப்படித்தான். நான் பள்ளிக்கூடத்தால் வந்து, தேத்தண்ணியும் குடியாமல் பின்னேரச் செய்திக்குக் குந்திவிட்டேன். அவர் மிதித்தார். ரொக்கெட் கடலில் விழுந்துவிட்டது என்று செய்தி வாசித்தவர் சொன்னார். அவர் செய்தி முடியும் வரை மிதித்துவிட்டு இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏன் விழுந்துச்சுன்னு சொன்னாங்களா?”

“இன்னும் தெரியாதாம். பார்த்துச் சொல்லுவினமாம்.”

“அப்ப சரி. பாத்துட்டு மறுபடி கட்டிப்போட்டு ஓட்டுவாங்க.”

சில கிழமைகளுக்குப் பிறகு காரணத்தையும் சொன்னார்கள். கட்டங்கள் பிரிகிற இடத்தில் பிழை நேர்ந்திருக்கிறது. அதையும் கொப்பியில் எழுதினேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில், கல்விக் கந்தோரில் ஒரு படிவத்தில் ஒப்பமிடுவதற்காக, இராணுவத்தின் பிடியிலிருந்த மன்னார்த் தீவுக்குப் போகவேண்டி வந்தது. சோதனைச் சாவடிக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு தூரம் அவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார். மிச்சத்தை நடந்தேன். பையைச் சோதித்த பெண் சிப்பாய், பிள்ளைகளின் விடைத்தாள்களுக்கு நடுவிலிருந்து அந்தக் கொப்பியை உருவினாள். அது பைக்குள் இருந்ததே எனக்கு நினைவில்லை.

“இது என்ன? ரொக்கெட்?” என்று தமிழில் கேட்டாள்.

அந்தச் சொல்லுக்கு அப்போது அவளுக்கும் சரி, எங்கள் ஊராருக்கும் சரி, ஒரே அர்த்தம்தான். வந்து விழுந்து வெடிப்பது.

“இது ஆக்களைக் கொல்லுறதில்லை. செய்மதியைக் கொண்டு போறது. நான் ரீச்சர்” என்றேன்.

அவள் என்னை ஒரு வாங்கில் இருத்திவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் வர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இளம் வயதுக்காரர். ஆங்கிலத்தில் கேட்டார், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கடலில் விழுந்த ரொக்கெட்டின் படத்தில் நின்றார். விழுந்ததை ஏன் எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். விட்டவர்களே பிழையை ஒத்துக்கொண்டு காரணமும் சொன்னார்கள், அதனால் எழுதினேன் என்றேன். அவர் எழுதிய பக்கங்களை எல்லாம் கிழித்தெடுத்துக்கொண்டு, எழுதாத மிச்சத்தைக் கொப்பி மட்டையோடு என்னிடம் நீட்டினார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

கந்தோர் பூட்டியிருந்தது. திரும்பி வந்தபோது என் கணவர் காலையில் விட்ட அதே இடத்தில், வெயிலில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன்.

“உங்களை விட்டாங்கள்ல, அது போதும்” என்றார்.

மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பத்து வருடமாக ஒட்டிய கொப்பி அது. நாலாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது மேசையில் போன வருடத்துக் கலண்டர்த் தாளொன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதன் பின்பக்கத்தில் தச்சுப் பென்சிலால் ஒரு ரொக்கெட். நாலு கட்டங்களும் இருந்தன. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். முதலாம் கட்டத்தில் ‘மருந்து’ என்றும் இரண்டாவதில் ‘எண்ணெ’ என்றும், பிறகு மறுபடி மருந்து, மறுபடி எண்ணெ என்றும் எழுதியிருந்தார். திண்ம எரிபொருளும் திரவ எரிபொருளும் மாறி மாறி வரும் அந்த ஒழுங்கு பிசகவில்லை. நான் ஒருதரம் விளக்கியிருப்பேன், அவ்வளவுதான். மிதித்துக்கொண்டிருந்தவர் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்.

அடியில் இரண்டு பக்கமும் கோடுகள் இழுத்திருந்தார்.

“இதென்ன?” என்று கேட்டேன்.

“கயிறு. ஓட்டிப் பாத்துட்டு அவுத்துக்குவாங்க.”

நான் அழுதேன். அவர் பயந்துபோய், “தப்பா இருந்தா அழிச்சிடலாம் டீச்சர்” என்றார். “பிழையில்லை, அப்பிடியே இருக்கட்டும்” என்றேன். அந்தப் படத்தை வைத்துத்தான் பிறகு பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். அந்த வருடக் கடைசியில் அதே வகை ரொக்கெட் மறுபடி போனது. அவர் மிதிக்க, நான் கேட்டுச் சொன்னேன்.

“போயிருச்சா?”

“ஓம், போட்டுது.”

அவர் மிதிப்பதை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

பின்னாளில் இடம்பெயர்ந்தபோது அந்தத் தாளைக் கொண்டுபோக முடியவில்லை. ஆனால் எங்கள் இருவர் உயிரும் தப்பியது.

இப்போது ரொக்கெட் விடுவதைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். சோதனையில் பெரிய ரொக்கெட் வெடித்துச் சிதற, செய்தவர்களே கைதட்டுகிறார்கள். பலர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உள்ளே ஆள் இல்லாமல், உலகமே பார்க்க உடைந்து, ஏன் உடைந்தது என்றும் சொல்கிறார்களே, அது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. ஒரு குறையும் உண்டு. துண்டுகள் விழும் கடலில் தொழில் செய்பவர்களை அன்றைக்குப் போகாதே என்று மறிக்கிறார்கள். சண்டைக் காலத்தில் மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் கடல் மறிக்கப்பட்டு, கரையில் படகுகள் காய்ந்து கிடந்ததைப் பார்த்தவள் நான். அவர்களையும் கணக்கில் எடுத்தால் நல்லது என்று நினைப்பேன்.

போன மாதம் ஒரு ரொக்கெட்டின் கீழ்ப்பாகம் திரும்பி வந்து நெருப்போடு நிமிர்ந்து தரையில் நின்றதை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார்.

“கிட்டப் போகாதீங்கன்னு சொல்லுங்க டீச்சர்” என்றார். “நல்லா ஆறட்டும்.”