ரயில் பார்க்க வந்த மலை மாமா

சித்தப்பாவின் கல்யாணத்துக்கு முந்தைய நாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியை ரயிலில் ஏற்றிவிட்டுத் தொலைத்தவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பொறுப்பான பெண் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அன்று காலை பத்து மணி வரைக்கும் இருந்தது.

சித்தப்பா வெல்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு கேட்டும் கிரில்லும் செய்துகொண்டிருந்தவர், ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மிசோரத்துக்குப் போய்விட்டார். அங்கே மலைகளுக்குள் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மலையைக் குடைந்து வெளியே வந்தால் எதிரே பள்ளம். பள்ளத்தின் மேல் பாலம். பாலம் முடிகிற இடத்தில் மறுபடியும் மலை. பாலத்தின் தூண் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். “நம்ம தண்ணி டேங்கு மேல இன்னொரு டேங்கு, அதும் மேல இன்னொன்னு, அப்டியே நாலஞ்சு வெச்சிக்கோ” என்றார். அந்த உச்சியில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இரும்பைப் பற்றவைப்பாராம். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை மூடிக்கொண்டால் சிமென்ட் லாரியும் வராது, அரிசி லாரியும் வராது. மூங்கில் குருத்தை வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்களாம். இதைக் கேட்டு அம்மா முகத்தைச் சுளிப்பாள். எனக்கோ, அப்படி ஒரு மழை எங்கள் பள்ளிக்கூடத்துச் சாலையில் ஏன் பெய்வதில்லை என்று இருக்கும்.

கல்யாணத்துக்கு அவர் தனியாக வரவில்லை. கூடவே ஒருவரை அழைத்து வந்தார். குள்ளமாக, உருண்டு திரண்ட தோள்களோடு, எதற்கும் முதலில் சிரித்துவிடுகிற மனிதர். பாலம் கட்டும் இடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். சித்தப்பா மேலே ஏறும்போது கீழிருந்து அவருடைய கயிற்றைப் பிடிக்கிறவர் அவர்தான். “இவரு கய்த்த வுட்டுருந்தா நாளைக்கு இந்த ஊட்ல கல்யாணமே கெடையாது” என்று சித்தப்பா அறிமுகம் செய்தார். அவ்வளவுதான், அத்தை உள்ளே போய் அவருக்கு இன்னொரு முட்டை வேகவைத்தாள். அவருடைய பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நான் மலை மாமா என்றேன். அதுவே நிலைத்துவிட்டது.

அன்றைய காலைச் சாப்பாட்டின்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஐந்து வருஷமாக ரயில் பாதை போடுகிற மலை மாமா, ரயிலைப் பார்த்ததே இல்லை. அவருடைய பகுதியில் கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளம் போட்டாகிவிட்டது. அது வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடக்கிறது. ரயில்தான் இன்னும் வரவில்லை. லீவு குறைவு என்பதால் எங்கள் ஊருக்கும் விமானத்திலேயே வந்து இறங்கிவிட்டார்கள்.

அத்தைக்கு இது தாங்கவில்லை. “ஏரோப்ளேன்ல வந்த மன்சன் டிரெய்னப் பாத்ததில்லியா? இன்னாடா இது கூத்து!”

சித்தப்பாவுக்கு நலங்கு வைக்கிற நாள் அது. நலங்கு வைத்த பிறகு மாப்பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. ஆகவே மலை மாமாவுக்கு ரயில் காட்டுகிற வேலை அப்பாவுக்கு வந்தது. நானும் தொற்றிக்கொண்டேன்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் முதல் ரயில் உள்ளே நுழைந்தபோது மலை மாமா இரண்டடி பின்னால் போனார். இரண்டாவது ரயிலுக்கு நகரவில்லை. அதன் பிறகு குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டீயும் பன்னும் வாங்கப் போனார். “மாமாவப் பாத்துக்கோ” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த ரயில் வந்து நின்றது. மலை மாமா எழுந்து அதன் வாசலைக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். புருவத்தை உயர்த்தினார். ஏறிப் பார்க்கலாமா என்று கேட்கிறார். எங்கள் ஊர் ரயில், கேட்கிறவர் விருந்தாளி, வேண்டாம் என்று சொல்ல முடியுமா? “ஏறுங்க மாமா” என்று கையை விரித்தேன். ஏறினார். உள்ளே தொங்குகிற பிடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ரயில் கிளம்பிவிட்டது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் பழக்கதோஷத்தில் டாட்டா காட்டினேன்.

அப்பா மூன்று டீயோடு வந்தார். “மாமா எங்கடி?”

“டிரெய்ன்ல போய்ட்டாரு.”

அப்பா டீயைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது. யாரும் அதைக் குடிக்கவில்லை.

மாமாவின் போன் எங்கள் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஸ்டேஷன் அறையில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். “பேர் என்ன?” அப்பா என்னைப் பார்த்தார். நான், “மலை மாமா” என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். அப்பா வெளியே வந்து சித்தப்பாவுக்குப் போன் செய்தார்.

அடுத்த ரயிலில் ஏறினோம். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். நாளைக்குக் கல்யாணம் நிற்கும், சித்தப்பா தனியாக அந்தத் தூணின் மேல் ஏறுவார், கீழே கயிற்றைப் பிடிக்க ஆளிருக்காது என்று என் மனசு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திருமுல்லைவாயிலில் இறங்கிப் பிளாட்பாரம் முழுக்கத் தேடினோம். இல்லை. மறுபடி ஏறி அண்ணனூரில் இறங்கினோம்.

பிளாட்பாரம் முடிகிற இடத்தில், வேப்பமர நிழலில், ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட தண்டவாளப் பணியாளர்கள் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக மலை மாமா. கையில் ஒரு டிபன் பாக்ஸ் மூடி, அதில் எலுமிச்சைச் சோறு. என்னைப் பார்த்ததும் ஒரு வாய் எடுத்து நீட்டினார்.

அவர்களில் மூத்தவர் எழுந்து வந்தார். “இன்னா அண்ணாத்தே, உங்காளா? லைனாண்ட நின்னுகினு இருந்தாரு. நாலு வார்த்த வுடலாம்னு போனேன். பாத்தா, குந்திகினு தண்டவாளத்தப் புடிக்கிற கிளிப்பத் தட்டித் தட்டிப் பாக்கறாரு. ஒன்னு லூசாக்கீதுன்னு கையக் காட்டறாரு. நெசமாவே லூசுதான்! அட, நம்ம ஆளுடான்னு குந்தவெச்சி சோத்தக் குட்த்தோம்.”

எந்த பாஷையில் பேசிக்கொண்டீர்கள் என்று அப்பா கேட்டார். “பேசறதுக்கு இன்னா கீது?” என்றார் அவர்.

அப்பா வழியெல்லாம் போனில் சொல்லிக்கொண்டே வந்திருந்ததால், அதற்குள் பைக்கில் சித்தப்பாவும் வந்து சேர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கன்னம், கை, கால் எல்லாம் மஞ்சள். நலங்கின் பாதியில் பலகையிலிருந்து எழுந்து ஓடிவந்திருக்கிறார். மலை மாமா அவர் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பணியாளர்கள் சிரித்தார்கள், அப்பா சிரித்தார், கடைசியில் நான் அழுதேன். மாப்பிள்ளை வாசல் தாண்டிய விஷயம் பெண் வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது. சித்திக்கு மட்டும் தெரியும். மறுநாள் மேடையில் சித்தப்பாவின் காதோரம் ஒட்டியிருந்த ரயிலடித் தூசியைப் பார்த்து அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாளாம்.

இவ்வளவு ஆன பிறகு மனிதர் ஒழுங்காக ஒரு ரயில் பயணம் போகாமல் திரும்புவதா என்று சித்தப்பாவுக்குத் தோன்றியது. அப்பாவைப் பைக்கில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு எங்கள் இருவரையும் ரயிலில் ஏற்றித் தானும் ஏறினார். மலை மாமாவுக்கு ஜன்னலோரம், எனக்கு அவர் பக்கத்தில். எதிரே மஞ்சள் மாப்பிள்ளை. பெட்டியில் இருந்தவர்கள் அவரைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார்கள்.

திருமுல்லைவாயிலில் கல்லூரிப் பெண்கள் ஒரு கூட்டமாக ஏறினார்கள். தோளில் பை, காதில் ஒயர், ஒரே பேச்சு. மலை மாமா வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சித்தப்பாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். சித்தப்பா மிசோரத்துக்குப் போய் அந்த ஊர்ப் பாஷையைத் தத்தித் தத்திப் பேசக் கற்றிருந்தார்.

“அவருக்கு உன் வயசுல ஒரு பொண்ணு கீதும்மா” என்றார் சித்தப்பா. “அவங்க ஊருக்கும் டிரெய்னு வந்துட்டா, அவளும் இப்டி ஏறிப் போய்டுவாளான்னு உன்னக் கேக்கச் சொல்றாரு.”

அன்று காலையிலிருந்து நான் செய்த தப்புக்கெல்லாம் ஈடாக ஒரு நல்ல செய்தி சொல்ல வாய்ப்புக் கிடைத்தது என்று நினைத்தேன்.

“போய்டுவா!” என்றேன் உற்சாகமாக.

மலை மாமா சித்தப்பாவின் வாயையே பார்த்தார். சித்தப்பா மெதுவாக ஆரம்பித்து, யோசித்து யோசித்து, கையால் போவதுபோலவும் வருவதுபோலவும் காட்டிக் காட்டி, அம்பத்தூர் வருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். மலை மாமா தலையை ஆட்டினார். இறங்குவதற்கு முன் என் தலையில் கைவைத்து ஒருதரம் அழுத்தினார்.

“நான் ஒரு வார்த்தைதான சொன்னேன் சித்தப்பா? நீங்க ஏன் அவ்ளோ நேரம் சொன்னீங்க?” என்று படியிறங்கும்போது கேட்டேன்.

“அவங்க பாஷ அப்டித்தாம்மா,” என்றார் சித்தப்பா. “ரொம்ப நீளம்.”

நான் அதைப் பல வருஷங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.