அப்பா-மூச்சு பதில் சொன்னது

கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. நடந்தது எனக்கு, எங்கள் வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவர் யாரோ, அவரை ஒருநாள் எங்கள் வீட்டில் உட்காரவைக்க வேண்டும்.

எனக்கு ஆபீஸில் நெட்வொர்க் வேலை. கேபிள் இழுப்பது, வை-ஃபை பார்ப்பது, எல்லோரிடமும் திட்டு வாங்குவது. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. வை-ஃபையில் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கிடைக்கும். எண்ணையெல்லாம் யார் நினைவு வைத்துக்கொள்வது? அதனால் கூடத்து அலமாரியில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறேன். பெயரைக் கொடுத்தால் அது எண்ணைச் சொல்லும். அம்மா-டிவி, அக்கா-போன், வாசல்-கேமரா என்று எல்லாவற்றுக்கும் நானே பெயர் வைத்தேன். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வயதில் டிவிக்கு வைக்கிறான் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அப்பாவின் மூச்சு மெஷினுக்கு நான் வைத்த பெயர் அப்பா-மூச்சு. வாடகை மெஷின். நுரையீரல் கெட்ட பிறகு அவர் முகமூடியோடுதான் தூங்கினார். ஆபீஸில் இருக்கும்போது மனசு கேட்காது. அங்கிருந்தே லேப்டாப்பில் அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். பதில் வந்தால் மெஷின் ஓடுகிறது, அப்பா இருக்கிறார். அவர் போன அன்று பதில் வரவில்லை. அக்கா போன் செய்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளே மெஷின்காரர் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போனார். அதோடு அம்மாவின் தூக்கமும் போனது. வருஷக்கணக்காக அந்த மெஷின் சத்தத்தின் பக்கத்திலேயே தூங்கிப் பழகியவள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தே இருப்பாள். சாப்பாடு கொறிப்பதோடு சரி. அம்மாவையும் இழந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் கவலை.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், பெட்டியில் பழைய பெயர்களை அழித்துக்கொண்டிருந்தேன். அழிப்பதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பது என் பழக்கம். அக்காவின் பழைய போன். பதில் இல்லை, அழித்தேன். பழுதான பிரிண்டர். பதில் இல்லை, அழித்தேன்.

அப்பா-மூச்சு... பதில் வந்தது.

அந்த எண் வேறு எதற்காவது போயிருக்கும் என்று பார்த்தேன். போகவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் செய்யும்போதே ஓர் அடையாள எண் போட்டு அனுப்புவார்கள். அதுவும் அந்த மெஷினுடையதேதான். மாடி வீட்டில் யாருக்காவது வாடகைக்கு விட்டிருப்பார்கள், மெஷின் எங்கள் பாஸ்வேர்டை மறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மாடிக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. பூட்டில் தூசி.

பதில் ஒழுங்காகவும் வரவில்லை. வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஆபீஸில் கேபிளைத் தேடிக்கொண்டே திரையைப் பார்க்க முடியாது என்பதால், பதில் வரும்போது சத்தம் கேட்கும்படி லேப்டாப்பில் வைத்திருப்பேன். அதைப் போட்டேன்.

டிக், டிக், டிக்...

அமைதி.

டிக், டிக், டிக்...

உள்ளேயிருந்து அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்து நாளாகியிருந்தது.

"அப்பா தூங்குறாரு," என்றாள்.

நிறுத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். லேப்டாப்பைத் தன் தலைமாட்டில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க அம்மா தூங்கினாள். இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். அக்கா வந்து பார்த்துவிட்டு, எந்த டாக்டர் மருந்து என்று கேட்டாள். மழுப்பினேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அம்மா மூச்சு இழுக்கும்போது டிக். விடும்போது அமைதி. கேட்டுக் கேட்டு, அம்மா அதற்கேற்ற மாதிரி மூச்சு விடப் பழகிவிட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாளாக நாளாக அந்த அமைதி நீண்டது. அப்பாவுக்கும் கடைசியில் இப்படித்தான் நீண்டது.

அடுத்த ஞாயிறு, மதியம் மூன்று மணி. ஒரு டிக் வந்து, அடுத்ததற்கு நான் காத்துக்கிடந்தேன். இது அம்மாவை எங்கோ கூட்டிக்கொண்டு போகிறது என்று தோன்றியது. ஓடிப்போய்ப் பெட்டியில் பெயரை அழித்தேன்.

மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது பெட்டி.

டிக்...

ரூட்டரின் வயரைப் பிடுங்கினேன். பச்சை விளக்குகள் அணைந்தன.

டிக்...

லேப்டாப்பின் பட்டனை அழுத்திப் பிடித்தேன். திரை இருண்டது.

டிக்...

அணைந்த லேப்டாப்பிலிருந்து.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"நிறுத்தாதடா..."

டிக்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அம்மாவிடமும் இல்லை.

கஷ்டப்படாமல் போய்விட்டாள் என்று அக்கா அழுதாள்.

எல்லாம் முடிந்த பிறகு மெஷின்காரரின் கடைக்குப் போனேன். அந்த மெஷின் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யார்கிட்டயும் இல்லைங்க. கொண்டு வந்த அன்னிக்கே பிரிச்சுட்டோம். மோட்டார் மட்டும்தான் தேறிச்சு."

"அதோட வை-ஃபை?" என்றேன்.

"அந்த போர்டா? தண்ணி இறங்கி அரிச்சுப் போயிருந்துச்சு. அது செத்து ஆறு மாசமாவது ஆகியிருக்கும்."

ஆறு மாசம். அப்போது அப்பா உயிரோடு இருந்தார். நான் ஆபீஸிலிருந்து தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதிலும் வந்துகொண்டிருந்தது.

எது பதில் சொன்னது?

கடையிலிருந்து வீடுவரை வேகமாக நடந்தேன். கதவைத் திறந்தேன். ரூட்டரின் வயர் அன்று பிடுங்கியபடியே கிடந்தது. லேப்டாப் அணைந்தே இருந்தது.

டிக், டிக், டிக், டிக்...

வேகமாக. மூச்சு வாங்குகிற மாதிரி.

எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அடக்கினேன்.

நின்றது.

விட்டு, மறுபடி இழுத்தேன்.

டிக்.

அக்கா வீட்டில் தங்கிப் பார்த்தேன். அங்கும் கேட்கிறது. அக்காவுக்குக் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நேற்றைவிட இன்று, நடுவில் அமைதி கொஞ்சம் அதிகம்.