வலப்பக்கம் திருப்பிய ஸ்கிரீன்

வேங்கிக்காலில் ஒரு குழந்தைகள் கிளினிக்கின் வாசலில் டோக்கன் கொடுக்கும் மெஷின் நிற்கிறது. அதன் இரும்பு ஸ்டாண்டின் இடப்பக்கம், இடுப்பு உயரத்தில், பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் இருக்கிறது. மேலே பெயின்ட் அடித்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இருப்பது தெரிந்தவர்கள் விரலால் தேடினால் அகப்படும். போன வாரம் காய்ச்சலில் துவண்ட என் இரண்டு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனபோது, டோக்கன் எடுப்பதற்கு முன்பே என் கட்டைவிரல் அந்த வட்டத்துக்குப் போய்விட்டது.

அந்த மெஷின் எங்கள் ஆபீசில் செய்தது. ஸ்டாண்டு செய்தவரை நான் வெல்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆபீஸ் மாடியில், அவருடைய பட்டறை கீழே. பதினோரு மணிக்கு டீ வந்ததும் மாடிப்படிக் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவார். நான் இறங்கி வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இன்னாம்மா, உன் கம்ப்யூட்டர் எழுந்துக்கிச்சா, இன்னும் தூங்குதா?" மெஷினுக்குள் இருக்கும் உள்ளங்கை அளவுள்ள லினக்ஸ் கம்ப்யூட்டர் ஆன் ஆக எடுத்துக்கொள்ளும் ஒரு நிமிடத்தை அவர் அப்படித்தான் கிண்டல் செய்வார். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கூட்டத்தைக் கடந்து நடந்து வியர்த்துப்போய் நான் வந்து சேரும்போது, "இன்னிக்கு வெல்டிங்கே வைக்காம ஊரு மொத்தமும் ஒட்டிக்கிச்சு" என்பார். அதற்கு முன்பும் பின்பும், வேலைக்குப் போகும் வழியில் நான் அப்படிச் சிரித்துக்கொண்டு போனதில்லை.

அந்த மெஷினின் டச் ஸ்கிரீன் படுக்கைவாட்டில் வேலை செய்வதற்காக வருவது. கிளினிக்குக்கு நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும் என்றார்கள். கேபிள் அதன் மேல் விளிம்பில் இருந்தது. ஸ்கிரீனை இடப்பக்கம் திருப்பினால் கேபிளும் இடப்பக்கம் வரும். அப்படித்தான் வரைந்து கொடுத்தேன், கம்ப்யூட்டரிலும் அதற்குத் தகுந்தபடி எழுதி வைத்தேன். அண்ணனும் கேபிள் நுழைய ஸ்டாண்டின் இடப்பக்கம் துளை போட்டுவிட்டார். மாட்டுகிற அன்றுதான் அவருக்கு உறைத்தது.

"எம்மா, மலையையே வலமாத்தான் சுத்தறோம். இதை மட்டும் ஏன் இடமா சுத்தி வெச்சிருக்க? கொழந்தைங்க வர்ற எடம்மா அது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "சரிண்ணா, வலமாவே போடுங்க. எனக்கு ஒரு வரி மாத்துற வேலைதான்" என்றேன். அன்று மதியம் முழுவதும் அவர் பழைய துளையை அடைத்து, தேய்த்து, வலப்பக்கம் புதிதாகத் துளையிட்டார். மாட்டியதும் படம் தலைகீழாக வந்தது. ஒரு வரியை மாற்றினேன், நேராகிவிட்டது. மவுஸை நகர்த்தி ஸ்கிரீனில் இருந்த இரண்டு பட்டன்களையும் அழுத்திப் பார்த்தேன். இரண்டும் சரி.

உண்மையில் அது இரண்டு வரி வேலை. படத்தைத் திருப்புவது ஒன்று, விரல் எங்கே படுகிறது என்பதைத் திருப்புவது இன்னொன்று. மவுஸ் படத்தோடு சேர்ந்து திரும்பிவிடும், விரல் திரும்பாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. விரலால் ஒரே ஒரு முறை தொட்டுப் பார்த்திருந்தால் போதும். இன்றைக்கு வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற நான், அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

மறுநாள் காலை மெஷின் கிளினிக்கில் நின்றது. ஸ்கிரீனின் மேல் பாதியில் டாக்டரைப் பார்க்க ஒரு பட்டன், கீழ்ப் பாதியில் தடுப்பூசிக்கு ஒரு பட்டன். மேலே தொட்டால் கீழே தொட்டதாக எடுத்துக்கொண்டது. சீட்டு மட்டும் ஒழுங்காக வந்ததால், அதில் என்ன போட்டிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. தடுப்பூசியோ டாக்டர் நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகுதான். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண் தடுப்பூசிச் சீட்டும் கைக்குழந்தையுமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கமாகப் போன நர்ஸ் அக்கா தற்செயலாகக் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அனலா கொதிக்குதே, ஏம்மா சொல்லாம குந்திக்கினு இருக்க?"

"டோக்கன் இன்னும் கூப்பிடலையேக்கா."

குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். மதியத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதற்குள் எங்கள் ஓனர் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்திருந்தார். யார் வேலை இது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் வெல்டர் அண்ணன் பேசிவிட்டார்.

"என் தப்பு சார். பொண்ணு இடப்பக்கம்தான் வரைஞ்சு குடுத்துச்சு. நான்தான் அது சொன்னதைக் கேக்காம வலப்பக்கம் மாட்டிட்டேன்."

என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்று உண்மையிலேயே நம்பினார். அப்போது எனக்கு மூன்று மாதம். ஆபீசில் இன்னும் சொல்லவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை. இரண்டாவது வரியைச் சேர்த்து மெஷினைச் சரி செய்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணன் என் பக்கம் திரும்பி, "உன் பேச்சைக் கேட்டிருக்கணும்மா" என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எங்கள் ஆபீஸ் வேலை எதுவும் அவருக்குப் போகவில்லை. சில மாதங்களில் பட்டறையை மூடிவிட்டு கீழ்பென்னாத்தூர் பக்கம் போய்விட்டார்.

போன வாரம் டோக்கனை எடுத்து இரண்டு முறை படித்தேன். டாக்டருக்கானதுதான். அப்படியும் மனசு கேட்கவில்லை. மெஷின் பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்காவிடம் காட்டினேன். அதே அக்காதான்.

"சரியாத்தான் இருக்கு, போ. அந்த வெல்டர் கெடுத்து வெச்சதை நீதானே வந்து சரி பண்ண?"

"இல்லக்கா. அவர் சரியாத்தான் மாட்டினாரு. தப்பு என்னுது."

என்னையும் தோளில் கிடந்த குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை எங்கிட்ட சொல்லி இன்னா பண்ணச் சொல்ற? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு" என்றார். எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். வட்டத்தின் மேலிருந்த கையை அப்போதுதான் எடுத்தேன். அண்ணன் அவ்வளவு சமமாகத் தேய்த்திருந்தார்.

வெளியே வரும்போது மகள் வேர்த்து, உடம்பு குளிர்ந்து தூங்கிப்போயிருந்தாள். "வீட்டுக்குத்தானேம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

ஆபீஸ் இருக்கும் தெருவைச் சொன்னேன்.