ஒவ்வொரு படத்திலும் அந்தக் கடா

இங்கிலாந்தில் ஆடுகளுக்கு மேய்க்க ஆள் கிடையாது. நார்த்தாம்டனுக்கு வந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய விசித்திரமாகப் பட்டது. பசேலென்று ஒரு மேடு, சுற்றிலும் கம்பிவேலி, உள்ளே மந்தை மந்தையாகச் செம்மறிகள்; கோல் பிடித்தவர் ஒருவரும் இல்லை. அவை பாட்டுக்கு மேய்கின்றன, தலையை நிமிர்த்தி யார் என்றுகூடப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காமிராவோடு வேலியோரம் போய் நிற்பேன். ஒரு முறை பண்ணைக்காரர் ரப்பர் பூட்ஸோடு இறங்கி வந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எத்தனை வேண்டும்?” என்றார். படம் எடுக்க வந்தேன் என்றேன். “அதெல்லாம் சரி. உங்கள் பண்டிகைக்குத்தானே? வெட்டுவதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார். என் நிறத்தில் ஒருவன் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் அதற்குப் பக்ரீத் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும் போலிருக்கிறது. விளக்கிச் சொல்லி ஓய்ந்துபோய், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

எனக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. வாரம் முழுக்க ஆட்டுத்தோலைத் தடவித் தரம் பிரிப்பவனுக்கு, ஒரு நாளாவது அதை உயிரோடு பார்க்கத் தோன்றாதா? நார்த்தாம்டனில் ஒரு காமிரா கிளப் உண்டு. தேவாலயத்து ஹாலில் கூடுவார்கள். இந்த வருஷப் போட்டிக்கு ‘மேய்ச்சல்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். அத்தனை பேரும் அதே மேட்டையும் அதே வேலியையும்தானே கொண்டுவருவார்கள்? நான் சும்மா இருந்திருக்கலாம். “லீவில் ஊருக்குப் போகிறேன். எங்கள் பக்கத்து ஆடு கடலோரத்துப் பாறைமேல் ஏறி நின்று மேயும், பாருங்கள்” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், கண்டக்டர் மனசு வைத்தால் பஸ் நிற்கிற ஊர் எங்களுடையது. ஏழு வருஷம் கழித்துப் போய் இறங்குகிறேன். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்: “இன்னா காதரு, ஒரேயடியா வந்துட்டியா?” முடிவெட்டுகிறவர் கத்தியும் கையுமாக வெளியே வந்து அதையே கேட்டார். பம்புசெட் ரெட்டியார் சைக்கிளை நிறுத்திக் கேட்டார். நார்த்தாம்டனில் பக்கத்து வீட்டுக்காரர் ஏழு வருஷமாக மழையைப் பற்றித் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. இங்கே பாருங்கள், ஊரே என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பூரித்துப்போனேன். அம்மா மட்டும் அதைக் கேட்கவில்லை. என் தங்கை புருஷன் ஷெரீப் மச்சான்தான், பல்லாவரத்துத் தோல் ஷாப்பில் எனக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருப்பதாகவும், அம்மா அதையே நம்பிக்கொண்டிருப்பதாகவும் மெதுவாகக் காதில் போட்டார். திரும்பிப் போகிற டிக்கெட் என் பெட்டியில் இருந்தது.

படம் எடுக்கப் போன கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அழுகையே வந்தது. கறவை மாட்டைப் படம் பிடித்தால் பால் வற்றிவிடும் என்று ஒருவர் துரத்தினார். ஆடு மேய்க்கிற கன்னியம்மா அதற்கு நேர் எதிர். “இப்பிடி அழுக்கா கீறதையா புடிப்ப? நாளைக்கி வா. குளுப்பாட்டி, பொட்டு வெச்சி நிறுத்தறேன்” என்றாள். குளிப்பாட்டியும் விட்டாள். மறுநாள் போனால் ஆடெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கின்றன. “மேயட்டும், தலை குனிந்திருந்தால்தான் படம்” என்று கெஞ்சினேன். “மூஞ்சி வுழ வாணாமா?” என்று ஒவ்வொன்றின் தாடையையும் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். கூடவே வந்த மச்சான் தன் பங்குக்கு, “இன்னா மச்சான், சீமையில கீறவனுக்கு ஆடு இன்னான்னே தெரியாதா? மனுசனப் புடி, வூட்டப் புடி. கலர் பிலிம ஆட்டுக்குப் போயி செலவு பண்ணிகினு கீற” என்றார்.

சரி, ஆளில்லாத இடமாகப் பார்ப்போம் என்று கடற்கரைச் சவுக்குத் தோப்புப் பக்கம் போனேன். பாறை இருந்தது, பின்னால் கடல் இருந்தது, பாறைமேல் நான் வாய்விட்டுச் சொன்ன அதே மாதிரி நாலு ஆடுகளும் இருந்தன. காமிராவைக் கண்ணில் வைத்தேன். குறுக்கே ஒரு கடா வந்து நின்றது. கிழக் கடா. நெஞ்சு வரை தாடி, கழுத்தில் சாயம் போன பச்சைத் துணி, ஊர்ப் பெரிய மனிதர் தொந்தி. அது மேயவில்லை, நகரவில்லை, என்னையே உற்றுப் பார்த்தது. இடம் மாறினேன், அதுவும் மாறியது. அன்றைக்கு மட்டுமல்ல, ஏரிக்கரைக்குப் போனாலும் உப்பளத்துப் பக்கம் போனாலும் எனக்கு முன்னால் அங்கே நின்றது. பிலிம் தீர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒரு சவுக்குக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓங்கினேன்.

“அடிக்காத! அது நேந்து வுட்டது!” என்று கன்னியம்மா எங்கிருந்தோ ஓடி வந்தாள்.

நேர்ந்துவிட்ட கடாவை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, எந்தக் கொல்லையில் நுழைந்தாலும் துரத்தக் கூடாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கடா என்றால் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம். இவ்வளவு வயதுக் கடாவை நான் பார்த்ததே இல்லை. “எந்த மகராசன் நேர்ந்தது இது? நேர்ந்தவர் நிறைவேற்ற வேண்டாமா?” என்று கத்தினேன்.

கன்னியம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “உங்கம்மாதான். நீ சீமைக்கிப் போன அன்னிக்கி நேந்துகிச்சி. நீ ஒரேயடியா வந்து சேந்தா தர்காவுல அறுத்து ஊருக்கே சோறு போடறேன்னு. போன வருசம் என் மல்லாட்டக் கொல்லைய முச்சூடும் தின்னுட்ச்சி. ரெட்டியார் வூட்டுக் கீரப் பாத்தி, டீக்கடைல தொங்குற வாழத்தாரு, எதையும் வுடறதில்ல. தொரத்த முடியுமா? நீ எப்பதான் வந்து தொலைவன்னு ஊரே பாத்துகினு கீது.”

பஸ்ஸை விட்டு இறங்கியபோது என்னைப் பூரிக்க வைத்த பாசத்தின் விவரம் இதுதான். ஒரு மனிதன் எத்தனை நாளைக்குத்தான் ஏமாந்தவனாகவே இருப்பது? எரிச்சலில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பாய்ந்தேன். இந்தக் காலத்தில் இது என்ன வேலை, ஊரெல்லாம் என்னைத் திட்டுகிறது என்றேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வருசத்துல வந்துடறேன்னுதான சொல்லிட்டுப் போன. கடாவுக்கும் ரெண்டு வருசம்தான் கணக்கு வெச்சேன்” என்றாள்.

“இப்போது வந்திருக்கிறேனே அம்மா. இதற்கே அறுத்துவிடலாமே.”

“லீவுல வர்றதுக்கு நேந்துக்கலடா” என்று சொல்லி, முறத்தைத் தட்டினாள். “டிக்கெட்டு எப்ப?”

அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை என்றேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் அம்மா தன் பழைய சேலையிலிருந்து ஒரு பச்சைத் துண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு, என்னையும் காமிராவோடு கிளம்பச் சொன்னாள். சவுக்குத் தோப்பில் அந்தக் கடா நின்றது. சாயம் போன துணியை அவிழ்த்துப் புதியதைக் கட்டினாள். கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, “எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு புடி” என்றாள். ரோலில் கடைசியாக மிஞ்சிய படம் அது. அழுத்திவிட்டேன்.

நார்த்தாம்டனில் அந்த ரோலைக் கழுவியபோது கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாப் படத்திலும் கடா என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தது. கிளப் நடுவர் அதன் கழுத்துப் பச்சைத் துணியைக் குனிந்து பார்த்தார். இங்கே கால்நடைக் கண்காட்சியில் ஜெயித்த விலங்குக்கு ரிப்பன் குத்துவது வழக்கம். “பரிசு வாங்கிய ஆடா? எதற்காகப் பரிசு?” என்று கேட்டார். வயதுக்கு என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். எனக்குப் பரிசு ஒன்றும் வரவில்லை. மேய்ச்சல் என்ற தலைப்பில் மேயாத ஆட்டைக் கொண்டுபோனால் யார் கொடுப்பார்கள்?

வீட்டிலிருந்து கடிதம் வந்தால் மச்சான் முதல் வரியிலேயே ‘கடா சௌக்கியம்’ என்று எழுதிவிடுகிறார். கேலியாகத்தான் எழுதுகிறார். அதைப் படித்ததும், பாவம், நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். நினைத்த உடனே என்மேலேயே எரிச்சல் வருகிறது. அது நன்றாக இருக்க வேண்டுமானால் நான் இங்கேயே இருக்க வேண்டும். கடைசிப் படத்தை நான் போட்டிக்குக் கொடுக்கவில்லை. கணப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன். நான் தலைகீழாக நின்றும் கிடைக்காத மேய்ச்சல் அதில்தான் விழுந்திருக்கிறது: கடா தலையைக் குனிந்து, ஓர் அவசரமும் இல்லாமல் புல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அதன் கழுத்தில் கையை வைத்தபடி அம்மா நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.